ஓடப் பிறந்தவரா? ஓடிப் பழகியவரா?

தனக்கு உடம்பில் பலம் போதாது, ஓட முடியாது என்று ஒரு பையன் மறுத்தான்.

பயிற்சியாளர் விடவில்லை. அவனை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் சோதித்துப் பார்த்தார். பையனுக்கு ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டார்.

வேறு வழி இல்லை. பையன் ஓடினான்.

இது நடந்தது 1941-ம் ஆண்டு. அடுத்த 11 ஆண்டுகளில் அந்தப் பையன் உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தான். ஒரே ஒலிம்பிக் பந்தயத்தில், எட்டே நாளில், மூன்று தங்கப் பதக்கம்! மூன்றும் நெடுந்தூர ஓட்டம்!

அவர்தான் எமில் ஜாடோபெக்.

"ஓட்டம் என்பது பிறவியிலேயே வர வேண்டும். பழகினால் வராது" என்று சொல்கிறவர்கள் உண்டு. "எல்லாம் உழைப்புதான். பிறவி என்பதெல்லாம் சும்மா" என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டில் எது உண்மை? இந்த மனிதரின் கதையைக் கேட்டால் ஓரளவு தெரியும்.

செருப்புத் தொழிற்சாலையில்

எமில் 1922-ம் ஆண்டு செப்டம்பர் 19-ந் தேதி பிறந்தார். ஊர், கோப்ரிவ்நிட்சே. அப்போது அது செக்கோஸ்லோவாகியா நாட்டில் இருந்தது. 1993-ல் அந்த நாடு இரண்டாகப் பிரிந்தது. இப்போது அந்த ஊர் செக் நாட்டில் இருக்கிறது.

வீட்டில் அவர் ஏழாவது குழந்தை. வசதி இல்லாத குடும்பம். 16 வயதில் வேலைக்குப் போனார். ஜிலின் நகரில் இருந்த பாட்டா செருப்புத் தொழிற்சாலையில் வேலை. ஆம், நம் ஊர்க் கடைவீதிகளில் பெயர்ப் பலகை தொங்குகிறதே, அதே பாட்டாதான்!

அந்தத் தொழிற்சாலைப் பையன்களுக்காக ஓர் ஓட்டப் பந்தயம் வந்தது. பயிற்சியாளர் நான்கு பேரைப் பொறுக்கி எடுத்தார். அதில் எமிலும் ஒருவர். அப்போதுதான், மேலே சொன்னபடி, அவர் மறுத்தார். டாக்டர் சொன்ன பிறகு ஓடினார்.

நூறு பேர் ஓடினார்கள். எமில் இரண்டாவதாக வந்தார்!

அதுவரை அவர் பந்தயத்துக்கென்று பழகியதே இல்லை. ஆகவே, அவர் உடம்பில் ஏதோ ஒன்று பிறவியிலேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அது அவருக்கே தெரியாது! ஓட வைக்காமல் விட்டிருந்தால் கடைசி வரை தெரிந்திருக்காது.

மெதுவாக ஓடவா பயிற்சி?

அன்று முதல் எமிலுக்கு ஓட்டத்தில் ஆசை பிறந்தது. எப்படிப் பழகுவது என்று யோசித்தார்.

அந்தக் காலத்தில் நெடுந்தூர ஓட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரே சீராக, நீண்ட தூரம் ஓடிப் பழகினார்கள். எமிலுக்கு அது சரியாகப் படவில்லை.

மெதுவாக ஓடத்தான் எனக்கு ஏற்கனவே தெரியுமே! தெரிந்ததை ஏன் பழக வேண்டும்? வேகமாக ஓட அல்லவா கற்றுக்கொள்ள வேண்டும்? இதுதான் அவர் கேட்ட கேள்வி.

வேகமாக ஓடினால் சீக்கிரம் களைப்பு வந்துவிடும். அதற்கு என்ன செய்வது? அதற்கும் ஒரு வழி இருந்தது.

கொஞ்ச தூரம் வேகமாக ஓடுவது. பிறகு கொஞ்ச தூரம் மெல்ல ஓடி மூச்சு வாங்கிக் கொள்வது. மறுபடியும் வேகம். மறுபடியும் மெதுவோட்டம். இப்படி விட்டு விட்டு ஓடுவது!

இந்த முறையை முதன்முதலில் கண்டவர் எமில் அல்ல. 1930-களிலேயே ஜெர்மனியில் கெர்ஷ்லர் என்ற பயிற்சியாளரும், ரெய்ண்டல் என்ற டாக்டரும் இதைச் செய்து பார்த்தார்கள். அவர்களிடம் பழகிய ருடோல்ப் ஹார்பிக் என்பவர் 1939-ல் 800 மீட்டர் ஓட்டத்தில் உலக சாதனை செய்தார். ஆனால் அந்த முறையை எமில் போல எல்லை தாண்டிச் செய்தவர் அதுவரை யாரும் இல்லை.

ஒரு நாளைக்கு நூறு சுற்று!

எமிலின் பயிற்சிக் கணக்கைக் கேளுங்கள்.

200 மீட்டர் வேக ஓட்டம், ஐந்து முறை. பிறகு 400 மீட்டர் வேக ஓட்டம், இருபது முறை. மறுபடியும் 200 மீட்டர், ஐந்து முறை. நடுநடுவே மெதுவோட்டம்.

400 மீட்டர் என்பது ஓட்ட மைதானத்தை ஒரு முறை சுற்றி வரும் தூரம். ஏறக்குறைய கால் மைல். வேக ஓட்டத்தை மட்டும் கூட்டினால் 10 ஆயிரம் மீட்டர் ஆகிறது. அதாவது 10 கிலோமீட்டர்! அவர் ஓடிய பெரிய பந்தயத்தின் தூரமும் அதுதான்.

அதோடு அவர் நிற்கவில்லை. பின்னாளில் இருபது முறை என்பது நாற்பது ஆயிற்று. அறுபது ஆயிற்று. சில நாட்களில் நூறு முறை ஓடினார். காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது! கூட்டிப் பாருங்கள். 40 கிலோமீட்டர். 25 மைல். இடையில் ஓடிய மெதுவோட்டம் தனிக் கணக்கு.

அவர் பிறகு ராணுவத்தில் சேர்ந்தார். வேலை முடிந்து இருட்டிய பிறகு, கையில் டார்ச் விளக்குடன் காட்டுப் பாதையில் ஓடுவார். காலில் கனத்த ராணுவ பூட்ஸ். பனி கொட்டினாலும் ஓடுவார். பூட்ஸ் கனத்தால், பந்தயத்தன்று கால் லேசாகத் தெரியும் என்பது அவர் கணக்கு.

அவர் ஓடும் அழகு? அழகே இல்லை! தலை ஒரு பக்கம் சாயும். முகம் கோணும். நாக்கு வெளியே தள்ளும். இதோ விழப் போகிறார் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். 'செக் நாட்டு ரெயில் என்ஜின்' என்று பத்திரிகைகள் அவருக்குப் பட்டப் பெயர் வைத்தன.

அழகாக ஓடுகிறவனுக்குத்தான் ஓட்டம் வரும் என்று நினைப்பவர்கள், இதைக் கவனிக்க வேண்டும்.

எட்டு நாள், மூன்று தங்கம்

1948-ல் லண்டன் ஒலிம்பிக் நடந்தது. 10 ஆயிரம் மீட்டர் ஓட்டத்தில் எமிலுக்குத் தங்கம். 5 ஆயிரம் மீட்டரில் வெள்ளி.

1952-ல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி நகரில் அடுத்த ஒலிம்பிக்.

ஜூலை 20-ந் தேதி. 10 ஆயிரம் மீட்டர். எமில் 29 நிமிடம் 17 விநாடியில் ஓடி முடித்தார். தங்கம்!

ஜூலை 24-ந் தேதி. 5 ஆயிரம் மீட்டர். கடைசிச் சுற்று தொடங்கும்போது எமில் முன்னே பாய்ந்தார். ஆனால் என்ன பரிதாபம்! மூன்று பேர் அவரைத் தாண்டிப் போய்விட்டார்கள். எமில் நான்காவது ஆள் ஆகிவிட்டார். இனி அவ்வளவுதான் என்று எல்லாரும் நினைத்தார்கள். கடைசி வளைவு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளிப்பக்கமாகச் சுற்றி, மூன்று பேரையும் தாண்டினார். இரண்டாவது தங்கம்!

வேக ஓட்டத்தால் வந்த பலன் இங்கேதான் தெரிந்தது. எல்லாரும் களைத்துப்போன நேரத்தில் இன்னொரு முறை வேகம் எடுக்க அவரால் முடிந்தது. தினமும் பழகியது அதைத்தானே!

அதே நாளில் இன்னொரு வேடிக்கையும் நடந்தது. எமிலின் மனைவி டானா ஈட்டி எறியும் வீராங்கனை. இருவரும் ஒரே ஆண்டு, ஒரே தேதியில் பிறந்தவர்கள்! கணவர் ஜெயித்த கொஞ்ச நேரத்தில், அவர் பதக்கத்தை வாங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, டானா களத்தில் இறங்கினார். முதல் வீச்சிலேயே 50 மீட்டருக்கு மேல் எறிந்தார். அவருக்கும் தங்கம்!

தன்னைப் பார்த்துத்தான் மனைவிக்கு உற்சாகம் வந்தது என்று எமில் பெருமை பேசினார். டானா விடுவாரா? வேறொரு பெண்ணுக்கு அந்த உற்சாகத்தைக் கொடுத்துப் பாருங்கள், அவள் 50 மீட்டர் எறிகிறாளா பார்ப்போம் என்று திருப்பிக் கொடுத்தார்! நியாயமான பதில்தான். உற்சாகம் மட்டும் ஈட்டியை எறியாது. பழகிய கைதான் எறியும்.

ஜூலை 27-ந் தேதி. மாரத்தான் ஓட்டம். 42 கிலோமீட்டருக்கு மேல். அதற்கு முன் எமில் ஒரு மாரத்தான்கூட ஓடியது இல்லை!

இங்கிலாந்து வீரர் ஜிம் பீட்டர்ஸ்தான் ஜெயிப்பார் என்று பேச்சு. எமில் அவரை ஒட்டியே ஓடினார். நடுவழியில், இந்த வேகம் சரிதானா என்று பீட்டர்ஸிடமே கேட்டார். வேகம் போதாது என்று பீட்டர்ஸ் சும்மா சொல்லி வைத்தார். எமில் அதை நம்பி, வேகத்தைக் கூட்டிவிட்டார்! பீட்டர்ஸ் தசை இழுத்துக்கொண்டு பாதியில் நின்றுவிட்டார். எமில் 2 மணி 23 நிமிடத்தில் முதலாவதாக வந்தார்.

ஒரே ஒலிம்பிக்கில் இந்த மூன்று ஓட்டங்களிலும் ஜெயித்தவர் அவர் ஒருவர்தான். இன்று வரை வேறு யாரும் இல்லை.

1954-ல் 10 ஆயிரம் மீட்டரை 29 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதரும் அவரே.

உடம்புக்குள் என்ன நடக்கிறது?

விட்டு விட்டு ஓடுவதில் அப்படி என்ன இருக்கிறது?

இருதயம் ஒரு பம்பு. அது ரத்தத்தை இறைக்கிறது. ரத்தம் பிராணவாயுவைச் சுமந்துகொண்டு போய்த் தசைக்குக் கொடுக்கிறது. பிராணவாயு எவ்வளவு அதிகம் கிடைக்கிறதோ, அவ்வளவு நேரம் கால் வேகமாக ஓடும்.

ஒரே மூச்சில் மிக வேகமாக ஓடினால் இருதயம் முழு வேகத்தில் வேலை செய்யும். ஆனால் சில நிமிடங்களில் ஆள் சோர்ந்து உட்கார்ந்துவிடுவார். பயிற்சி அதோடு முடிந்தது.

விட்டு விட்டு ஓடினால் அப்படி இல்லை. இடையில் கிடைக்கும் இளைப்பாறுதலால் மறுபடியும் மறுபடியும் ஓட முடிகிறது. இருதயம் முழு வேகத்தில் வேலை செய்யும் நேரம் மொத்தத்தில் கூடுகிறது. நாளடைவில் அது பலம் பெறுகிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னைவிட அதிக ரத்தத்தை இறைக்கிறது.

இதை விஞ்ஞானிகள் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2007-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சி ஒன்று வெளியானது. 40 ஆண்களை நான்கு கூட்டமாகப் பிரித்தார்கள். எட்டு வாரம், வாரம் மூன்று நாள் ஓடச் சொன்னார்கள். மொத்த உழைப்பு எல்லாருக்கும் ஒன்றுதான். முறை மட்டும் வேறு. ஒரே சீராக ஓடிய இரண்டு கூட்டத்துக்கும் பிராணவாயு வாங்கும் திறன் சொல்லும்படி கூடவில்லை. விட்டு விட்டு வேகமாக ஓடிய இரண்டு கூட்டத்துக்கும் கூடியது. நான்கு நிமிடம் வேகம், மூன்று நிமிடம் மெதுவோட்டம் என்று நான்கு முறை ஓடியவர்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு உயர்ந்தது.

அப்படியானால் பிறவி ஒன்றும் இல்லையா?

இருக்கிறது! அதை மறைக்கக் கூடாது.

பின்லாந்து நாட்டில் ஈரோ மான்டிரான்டா என்று ஒருவர் இருந்தார். பனிச்சறுக்கு ஓட்டத்தில் ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வாங்கியவர். அவர் ரத்தத்தில் சிவப்பணுக்கள் மற்றவர்களைவிட மிக அதிகம். 1990-களில் விஞ்ஞானிகள் அவர் குடும்பத்தையே சோதித்தார்கள். அந்தக் குடும்பத்தில் பலருக்கும் அப்படி இருந்தது. பரம்பரையாக வந்த ஒரு மாறுதல்தான் காரணம் என்று தெரிந்தது. சிவப்பணு கூடினால் பிராணவாயு கூடும். அது அவருக்குப் பிறவியிலேயே கிடைத்த சொத்து.

இன்னொரு விஷயம். ஒரே பயிற்சி எல்லாருக்கும் ஒரே பலனைத் தருவதில்லை.

கிளாட் பூஷார் என்ற விஞ்ஞானியும் அவர் கூட்டாளிகளும் 98 குடும்பங்களைச் சேர்ந்த 481 பேருக்கு 20 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். அதுவரை தேகப்பயிற்சியே செய்யாதவர்கள் அவர்கள். முடிவு 1999-ல் வெளியானது. சிலருக்குப் பலன் அள்ளிக் கொடுத்தது. சிலருக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை! இந்த வித்தியாசத்தில் ஏறக்குறைய பாதி, குடும்பவழியாக வருகிறது என்று கணக்கிட்டார்கள்.

இதைப் படித்துவிட்டு, "நமக்கு இல்லை" என்று உட்கார்ந்துவிட வேண்டாம். அடுத்த செய்தியையும் கேளுங்கள்.

2017-ல் இன்னொரு ஆராய்ச்சி வெளியானது. வாரம் ஒரு மணி நேரம் முதல் ஐந்து மணி நேரம் வரை, கூட்டம் கூட்டமாகப் பிரித்துப் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு மணி நேரம் செய்தவர்களில் பலருக்குப் பலன் இல்லை. நான்கு மணி, ஐந்து மணி நேரம் செய்தவர்களில் பலன் இல்லாதவர் ஒருவர்கூட இல்லை! பலன் கிடைக்காதவர்களை வாரம் இரண்டு மணி நேரம் கூடுதலாக, இன்னும் ஆறு வாரம் செய்யச் சொன்னார்கள். அவர்களும் முன்னேறினார்கள்.

ஒரு தோட்டத்தில் பத்தடி தோண்டினால் தண்ணீர் வரும். பக்கத்துத் தோட்டத்தில் முப்பது அடி தோண்ட வேண்டும். பத்தடியில் நிறுத்திவிட்டு, "இங்கே தண்ணீரே இல்லை" என்று சொல்லலாமா?

உழைத்தவர் எல்லாரும் ஜெயித்தார்களா?

இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

ஆஸ்திரேலியாவில் ரான் கிளார்க் என்று ஒரு பெரிய ஓட்டக்காரர் இருந்தார். 10 ஆயிரம் மீட்டரை 28 நிமிடத்துக்குள் ஓடிய முதல் மனிதர் அவர். அது 1965-ல். அவர் செய்த உலக சாதனைகள் 17. ஆனால் ஒலிம்பிக்கில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வெண்கலம்.

1968-ல் மெக்சிகோ நகரில் ஒலிம்பிக். அந்த ஊர் கடல் மட்டத்துக்கு மேல் 2,240 மீட்டர் உயரம். நம் உதகமண்டலத்தைப் போன்ற உயரம். அங்கே பிராணவாயு குறைவு. 10 ஆயிரம் மீட்டரில் கென்யா நாட்டின் நப்தாலி டெமு முதலாவதாக வந்தார். எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே இரண்டாவது. இருவரும் மேட்டு நிலத்து நாட்டவர்கள். கிளார்க் ஆறாவதாக வந்து, மயங்கி விழுந்தார்.

உழைப்பில் அவர் யாருக்கும் குறைந்தவர் அல்ல. பிறந்த இடமும் ஓடும் இடமும்கூட வெற்றி தோல்வியில் பங்கு கேட்கின்றன.

கிளார்க் ஒரு முறை எமிலின் நாட்டுக்கு வந்திருந்தார். திரும்பும்போது எமில் ஒரு சிறு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்தார். கிளார்க் பிறகு பிரித்துப் பார்த்தார். உள்ளே இருந்தது, ஹெல்சிங்கியில் எமில் வாங்கிய 10 ஆயிரம் மீட்டர் தங்கப் பதக்கம்!

பதக்கம் இல்லாதவனும் பெரிய ஓட்டக்காரனாக இருக்கலாம் என்பதை எமிலைவிட யார் அறிவார்?

நாம் என்ன செய்யலாம்?

முதலில் ஓர் எச்சரிக்கை. எமில் ஓடியதைப் பார்த்து நூறு சுற்று ஓடக் கிளம்ப வேண்டாம்! பெரிய ஓட்டக்காரர்கள் இப்போது அப்படிப் பழகுவதில்லை. பெரும்பகுதி நேரம் மெதுவாகவே ஓடுகிறார்கள். வாரத்தில் சில நாள் மட்டும் வேக ஓட்டம். நடுவில் நல்ல ஓய்வு.

நாற்பது வயதைத் தாண்டியவர்களும், இருதய நோய், ரத்தக் கொதிப்பு, நீரிழிவு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் வேக ஓட்டத்தில் இறங்கக் கூடாது. நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நிறுத்திவிட வேண்டும்.

மற்றவர்கள் சில வாரம் நடந்து பழகுங்கள். பிறகு ஒரு நிமிடம் வேகமாக நடங்கள். இரண்டு நிமிடம் மெல்ல நடங்கள். இப்படி ஆறு முறை. அது எளிதான பிறகு, வேக நடையை மெதுவோட்டமாக மாற்றுங்கள். வாரம் இரண்டு நாள் போதும். மாடிப்படி ஏறி இறங்குவதும் இதே பயிற்சிதான். காசு செலவு இல்லை.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பள்ளிக்கூட ஓட்டத்தில் பிள்ளை கடைசியாக வந்தால், "உனக்கு ஓட்டம் வராது" என்று சொல்லிவிடாதீர்கள். அது உங்களுக்கும் தெரியாது, பிள்ளைக்கும் தெரியாது. கொஞ்ச காலம் விளையாட்டாக ஓடட்டும். பிள்ளையை விரட்டவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம்.

பிரான்சு நாட்டு வீரர் அலைன் மிமூன், ஒலிம்பிக்கில் மூன்று முறை எமிலுக்கு அடுத்தபடியாக வந்து வெள்ளி வாங்கியவர். 1956-ல் மெல்போர்ன் மாரத்தானில் அவர் தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 35! குடலிறக்க ஆபரேஷன் செய்துகொண்ட எமில், அந்த ஓட்டத்தில் ஆறாவதாக வந்தார். மிமூன் எல்லைக்கோட்டில் காத்துக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் எமில் தொப்பியைக் கழற்றி வணக்கம் செய்து, நண்பரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

எமில் 2000-ம் ஆண்டு நவம்பர் மாதம் காலமானார். டானா 2020 வரை, 97 வயது வரை வாழ்ந்தார்.

ஓட்டம் பிறவியா, பழக்கமா? இரண்டும்தான். பிறவியில் கிடைத்தது எவ்வளவு என்று முன்கூட்டியே யாரும் அளந்து சொல்ல முடியாது. ஓடிப் பார்த்தால்தான் தெரியும்!